ஏழு நொடி

முப்பத்துநான்கு வருடம் ரியேகா மீன் சந்தையில்
தராசுகளைச் சோதித்தவன் நான்.
தட்டின் அடியில் மெழுகு ஒட்டியவன்,
மத்தி நிறுக்கையில் கட்டைவிரலை மறந்துவைத்தவன்,
எல்லோருக்கும் என் காலடிச் சத்தம் தெரியும்.
இப்போது அது படுக்கைக்கும் சமையலறைக்கும் இடையே
இழுபடுகிறது.

அக்டோபரில் குளியலறையில் விழுந்தேன்.
மீசையில் மண் ஒட்டவில்லை என்றுதான் சொன்னேன்.
தாடையில் மூன்று தையல்.
ஈரத் தரையில் கிடந்த இரண்டே கால் மணி நேரத்துக்கு
யாரும் தையல் போடவில்லை.

பிறகு நெவென்கா வந்தாள், செவ்வாயும் வெள்ளியும்,
நூற்றுப்பதினெட்டுப் படி ஏறி.
மாத்திரைப் பெட்டியை நிரப்பினாள்.
டோன்கா ஆசையாய் வாங்கிய கம்பளத்தை
கால் தடுக்கும் என்று சுருட்டி அலமாரிமேல் ஏற்றினாள்.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள்:
கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ, பத்து முறை.
குதிகால் உயர்த்த, பத்து.
விரல்நுனியில் குதிகாலை ஒட்டி வைத்து எட்டு அடி.
மேசை விளிம்பைப் பிடித்து ஒற்றைக்காலில், பிறகு பிடிக்காமல்,
எத்தனை நொடி என்று எழுத வேண்டும்.

எழுதினேன்.
காப்பி பொங்குவதற்குள் ஒரு வாரத்துக்குச் சேர்த்து,
பேனாவை இரண்டு முறை மாற்றி,
பதினொன்று, பதிமூன்று, பதினைந்து என்று மெல்ல ஏற்றி,
சந்தேகம் வராதபடி ஒரு ஞாயிறை மட்டும் காலியாக விட்டு.
நான் பிடித்த கள்ளத் தராசுக்காரர்களில்
இத்தனை நுணுக்கக்காரன் ஒருவனும் இல்லை.

நெவென்கா தாளைப் படித்தாள்.
என் கெண்டைக்காலை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
பழையதைக் கழற்றிப் புதியதை ஒட்டினாள்.
"வெள்ளிக்கிழமை மத்தி வாங்கி வரட்டுமா, பிரானிமிர்?
அரைக் கிலோ. பயப்படாதீர்கள்,
முள் நடுவில் நின்ற பிறகுதான் காசு கொடுப்பேன்."

மூன்று மணி இரவு. பூரா காற்று சன்னலை உலுக்கியது.
சிறுநீர் முட்டி எழுந்தவன்
வழியில் சமையலறை விளக்கைப் போட்டேன்.
மேசை விளிம்பு. வலது கால் மேலே.
கையை எடுத்தேன்.
இடது கணுக்கால்
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடுங்கி
நடுவைத் தேடியது, கிடைத்தது, தொலைத்தது,
மறுபடி தேடியது.
அடுப்புக்கு மேல் கடிகாரம்.
மேசை வந்து என்னைப் பிடித்தது.

புதிய தாள், முதல் கட்டம்:
ஏழு.

பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன்,
முத்திரை குத்திய பின் போடுவேனே, அந்தப் பழைய கோணல்.
பிறகு கழிவறைக்குப் போனேன்,
சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.