பதினான்காம் பாத்தி

மினாஸ் ஜெராய்ஸ் மலைச்சரிவில்
லிந்தௌராவின் நிலத்தை
இருபத்துநான்கு பாத்திகளாய்க் கயிறு கட்டிப் பிரித்தேன்.
மக்காச்சோளம் தனியே. பீன்ஸ் தனியே.
இரண்டும் ஊடுபயிராய்.
மணிச்சத்து நான்கு அளவு,
பூஜ்யமும் ஓர் அளவுதான்.
எந்தப் பாத்திக்கு எது என்பதைச்
சீட்டுக் குலுக்கி எடுத்தோம்,
பாரபட்சம் இருக்கக் கூடாதென்று.

இரும்பேறிச் சிவந்த மண்.
போட்ட உரத்தை இறுகப் பற்றிக்கொண்டு
வேர் கேட்டால் தராது.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள்.
இங்கே யானை மண்தான்.
சோளம் ஓரமாய் நின்று
மிச்சத்துக்குக் காத்திருக்கும்.

ஐந்தாம் வாரம்
பூஜ்யப் பாத்திகளில் இலையோரம் ஊதாவானது.
"நோயா?" என்றாள்.
"பசி."
"மூட்டை கொட்டகையில்தானே இருக்கிறது?"
"எவ்வளவு குறையும் என்று அளக்க வேண்டும்."
கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே
உள்ளே போய்விட்டாள்.

அறுவடையில்
பதினான்காம் பாத்தி, பூஜ்யம், ஊடுபயிர்:
சோளம் ஆறரைக் கிலோ.
அதே பூஜ்யம், அதே கலப்பு,
மேட்டுக்குப் பின்னால் ஐந்தாம் பாத்தி:
இரண்டு கிலோ, அதிலும் பாதி சொத்தைக் கதிர்.

ஒரு மாலை முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.
பீன்ஸ் வேர் அமிலம் கசியவிட்டு
மண்ணின் பிடியைத் தளர்த்தியதோ?
சோளத்துக்கும் ஒரு வாய் ஊட்டியதோ?
ஆய்வறிக்கைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

மறுநாள் தாளைப் பிடுங்கினேன்.
வேரடியில், கரையாமல்,
சாம்பல் நிறக் குருணை.

"ஒரே ஒரு டின்," என்றாள் லிந்தௌரா,
கொய்யா அல்வா வந்த டின்னைக் காட்டி.
"ராத்திரியில் போட்டேன்.
மற்றதெல்லாம் தள்ளி இருக்கிறது.
இது மட்டும்
பாத்திரம் தேய்க்கிற ஜன்னலுக்கு நேரே."

நோட்டில் பதினான்கை அடித்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'ஜன்னல்' என்று எழுதினேன்.
பேராசிரியர் எவரிஸ்டோ தொலைபேசியில் கேட்டார்,
என்ன ஜன்னல்?
சிக்னல் சரியில்லை என்றேன்.

அடுத்த மழைக்கு மறுபடி குலுக்கல்.
இம்முறை சீட்டுகளை அவளையே எடுக்கச் சொன்னேன்.
பதினான்குக்கு
மீண்டும் பூஜ்யம்.

அவள் எதுவும் சொல்லவில்லை.
விதைப்புக்குப் போன அன்று பார்த்தேன்,
உர மூட்டையின் வெள்ளைச் சாக்கைப் பிரித்து
ஜன்னலுக்குத் திரை தைத்திருந்தாள்.