மேல்விளிம்பு

வெசாக் லீவு இரண்டு நாள், ஞாயிறோடு மூன்று.
முதல் நாள் காலையே மூன்று கதவையும் கழற்றினோம்.
திருகாணித் தலைகளில் பழைய பெயிண்ட் அடைத்துக் கிடந்தது.
ஜூட் ஆணிமுனையால் ஒவ்வொன்றாகக் கிண்டினான்,
பல் குத்துகிற மாதிரி.
மூன்று யோகட் கோப்பை, மூன்று கதவுக்கு.
"மாறிப் போட்டா இறுகாது" என்றான்.
ஐந்து நாளில் அவன் என்னோடு பேசிய முதல் முழு வசனம்.

எங்கள் அறைக்கதவு பொங்கி இரண்டு வருடம்.
அறைந்தால்தான் சாத்தும்.
அதனால் எந்தச் சத்தம் கோபம்,
எது வெறும் ஈரம் என்று
இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஹோலில் பிளாஸ்டிக் கதிரைகளின் மேல் கதவுகள் படுத்தன.
கீழே மரண அறிவித்தல் பக்கங்கள்.
எண்பதாம் நம்பர் சாண்ட் பேப்பரில் தொடங்கினேன்.
கிறீம் போயிற்று, கீழே ஆஸ்பத்திரிப் பச்சை.
அதற்கும் கீழே றோஸ்;
யாரோ ஒருத்தி ஆசைப்பட்டுக் கேட்டிருப்பாள்.
மூக்கெல்லாம் மூன்று குடும்பத்தின் தூள்.

மகளின் அறைக்கதவில், உட்பக்கம்,
புட்டி உதிர்ந்து நான்கு ஓட்டை தெரிந்தது.
கை அகலத்தில் ஒரு தாழ்ப்பாள் இருந்திருக்கிறது.
படுக்கையறைக்கு இவ்வளவு பெரிய தாழ்ப்பாள்
எந்த வருடத்தில், யார் வருவார்கள் என்று?
கொட்டாஞ்சேனையில் இதையெல்லாம்
வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை.
புட்டி வைத்தேன். காய்ந்து உள்வாங்கியது.
மறுபடி வைத்தேன்.

ஆமர் வீதிக் கடைப் பொடியன் ரிஸ்கான்
அண்டர்கோட் டின்னை ஆட்டிக்கொண்டே சொன்னான்:
"அக்கா, மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் அடிங்க.
ஒருத்தரும் அடிக்கிறதில்ல. அதாலதான் கதவு தண்ணி குடிக்குது."
வந்து பார்த்தேன். உண்மை.
முகமெல்லாம் மூன்று பூச்சு;
உச்சியில் பச்சை மரம், ஒரு சொட்டுக்கூடப் படாமல்.

அன்றிரவு கதவில்லாத வீடு.
குளியலறை வாசலில் பழைய சாரம் ஒன்றைக் கட்டினோம்.
உள்ளே போகிறவர் பாடவேண்டும், அது சட்டம்.
மகள் பாடமாட்டாள்; கெமிஸ்ட்ரி சமன்பாடு சொன்னாள்,
ஒட்சிசனில் நிறுத்தி, சிரித்து, தொடர்ந்தாள்.
ஹார்பரில் கப்பல் ஒன்று ஊதியது.
கீழே பந்தலின் பல்புகள் பாதிச் சுவரில்
சிவப்பாயும் நீலமாயும் ஓடின.

இரண்டு மணிக்கு ஜூட் எழுந்து போனான்.
பாடவில்லை. பைப்பைத் திறந்தான்.
சாரத்துக்கு இந்தப் பக்கம்
தண்ணீர் எது, அவன் எது என்று
முதன்முறையாக எனக்குப் பிரிந்து கேட்டது.
நான் தலையணையைத் திருப்பிப் போட்டேன்.
அவன் திரும்பி வந்தபோது தூங்குவது போலிருந்தேன்.
அவனுக்கும் அது கேட்டிருக்கும்.

இரண்டாம் நாள் மழை. அண்டர்கோட் காயவில்லை.
விரல் வைத்தால் விரல் இருந்தது.
மூன்றாம் நாள் வெயில் சுமாராக அடித்தது.
மேல்விளிம்புக்கு இரண்டு அங்குல பிரஷ்;
கதவின் தலைமாட்டில் குந்தியிருந்தேன்.
ஜூட் எதிர்க் கதிரையில் வந்து இருந்து,
என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்து,
"அடுத்த மாசத்திலிருந்து பாதிச் சம்பளம். கடிதம் தந்திட்டாங்கள்" என்றான்.

பாதியில் பிரஷை எடுத்தால் கோடு விழும்.
ஈரத்தோடு ஈரம் சேரவேண்டும்.
அந்த மூலை வரைக்கும் இழுத்து முடித்தேன்.
அதுவரை அவன் காத்திருந்தான்.
"எப்ப தந்தவங்கள்?"
"போன திங்கள்."
திங்கள்தான் கதவு அறைந்தது.

இப்போது கதவுகள் வாசலில் நிற்கின்றன.
பக்கவிளிம்பைச் சீவியதும் இடைவெளி
ஒரு ரூபாய்க் குற்றி போகுமளவு வந்தது.
ஒரு கிழமைக்குச் சாத்தக்கூடாதாம், ஒட்டிக்கொள்ளும்.
மட்டையை மடித்துச் செருகியிருக்கிறோம்.
குளியலறைக்கு மட்டும் விதிவிலக்கு என்று மகள் சண்டை.
தோற்றுவிட்டாள்; இன்னும் சமன்பாடுதான்.

நேற்று ஒருதரம் மட்டையை எடுத்துவிட்டு
விரல் நுனியால் தள்ளிப் பார்த்தேன்.
'டிக்'. அவ்வளவுதான்.
இனி இந்த வீட்டில் யாராவது அறைந்தால்
ஈரத்தின் மேல் பழி போட முடியாது.
மட்டையைத் திரும்பச் செருகினேன்.