என்ன குடுக்குது?

வாங்கிய நாளிலிருந்து
தெருவில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்.
இஸ்திரி வண்டி பெருமாள் கேட்டார்,
மூன்றாம் மாடி ஆடிட்டர் கேட்டார்,
லிஃப்டில் ஒரு டாக்டர்
முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக் கேட்டார்:
என்ன குடுக்குது?

பதினொன்று என்பேன்.
எஸ்தர் என்னைப் பார்ப்பாள்.
ஒன்பது.
பின்னால் டிரெய்லர் மாட்டினால் ஏழு.
டீசல் விலையை நாங்கள் வீட்டில் பேசுவதில்லை,
சில குடும்பங்களில்
சில சித்தப்பாக்களைப் பற்றிப் பேசாததுபோல.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி.
எண்பத்துநாலு தவணை.
அந்த இரண்டாவது கியர்க் குச்சிக்கு
கத்திப்பாராவில் ஒரு வேலையும் இல்லை.
மால் வாசலில் தொங்கும் மஞ்சள் கம்பி
கூரைப்பெட்டியில் டங்கென்று மோதும்.
செக்யூரிட்டி விசில் ஊதுவதற்குள்
நாங்களே பின்வாங்கிவிடுவோம்.

ஜனவரியில் கட்ச்சுக்குக் கிளம்பினோம்.
பாடியில் செல்லதுரை பட்டறையில் அடித்த டிரெய்லரில்
நூறு லிட்டர் தண்ணீர், இரண்டு ஸ்டெப்னி, அடுப்பு,
தேவைப்படாது என்று எஸ்தர் சொன்ன இழுவைக் கயிறு.
தும்கூர், ஹூப்ளி, கோலாப்பூர்.
சத்தாரா தாண்டிய ஏற்றத்தில்
லாரிகளுக்குப் பின்னால் லாரியாகவே ஊர்ந்தோம்.

ஒரு மதியம் தார் முடிந்து
உப்பு தொடங்கியது.
டயர்க் காற்றைப் பதினெட்டுக்கு இறக்கினேன்.
வெள்ளை.
வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.
மேலோடு உடைந்து பின்சக்கரங்கள் சேற்றில் இறங்கியபோது
அந்தக் குச்சியை முதல்முறையாக இழுத்தேன்.
ஒரு முனகல்.
பிறகு படுத்திருந்த மாடு எழுவதுபோல,
பின்புறம் முதலில்,
வண்டி எழுந்தது.
எஸ்தர் கைதட்டவில்லை.
இண்டிகேட்டரை ஆஃப் பண்ணு என்றாள்.

பதினெட்டு நாள்.
ஐயாயிரத்து இருநூற்று முப்பது கிலோமீட்டர்.
ஒரு சண்டைகூட இல்லை.

சண்டை நங்கநல்லூரில் வந்தது.
விடிகாலை நாலேகால்.
பதினாறடித் தெரு,
அதில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், யாருடையதோ ஒரு ஸ்விஃப்ட்.
டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி
கேட்டுக்குள் விடவேண்டும்.
அது இடது போக நான் வலது ஒடிக்கவேண்டும்.
தெரியும்.
தெரிந்ததைக் கை கேட்பதில்லை.

டார்ச்சோடு பின்னால் நின்று
ரைட்டு ரைட்டு என்றாள்.
உன் ரைட்டா என் ரைட்டா என்றேன்.
சுவரோட ரைட்டு என்றாள்.
மடங்கியது. முன்னால் போய் நிமிர்த்தினேன்.
மறுபடி மடங்கியது.
ஏழாவது முறை அவள் சொன்னது
பார்க்கிங்கைப் பற்றி அல்ல.
நான் பதிலுக்குச் சொன்னதும் அல்ல.
ஸ்விஃப்ட்காரர் வீட்டில் விளக்கு எரிந்தது.

தெருமுனையில் மெட்ரோ வாட்டர் லாரி
ஒருமுறை ஹாரன் அடித்தது. இன்னொருமுறை.
அப்புறம் டிரைவரே இறங்கி வந்தார்,
வெறுங்காலோடு.
நவுருங்க சார்.

ஸீட்டை நகர்த்தவில்லை, கண்ணாடியைத் திருத்தவில்லை.
கதவைத் திறந்தே வைத்து
பாதி உடம்பு வெளியே,
ஸ்டீயரிங்கில் ஒரு உள்ளங்கை.
டிரெய்லர்
தினமும் வேலை முடிந்து வருவதுபோல
கேட்டுக்குள் போனது.

இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.
சக்கர வளைவில் காய்ந்திருந்த உப்பை
நகத்தால் சுரண்டினார்.
என்ன குடுக்குது?

ஏழு, என்றேன்.

நம்மளுது மூணு என்று சிரித்தார்.
ஒன்பதாயிரம் லிட்டரை எடுத்துக்கொண்டு
உள்ளே போனார்,
பின்னால் ஒழுகிக்கொண்டே.

எஸ்தர் டிரெய்லர் குழாயைத் திறந்து
மிச்சமிருந்த பூஜ் தண்ணீரில் முகம் கழுவினாள்.
இன்னும் கரிக்குது என்றாள்.
தண்ணீரையா, வேறெதையுமா,
கேட்கவில்லை.
டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.