தொட்டியில் ஒரு முழம்

இறங்கும் முன்
காலணியைத் தேய்க்கச் சொல்கிறாள் கலிரோயி.
படகின் விளிம்பில் உட்கார்ந்து
பழைய பல்துலக்கியால்
அடிப்பள்ளங்களில் ஒட்டியிருந்த சந்தைத்தெருவைச்
சுரண்டிச் சுரண்டி வாளியில் கொட்டுகிறோம்.
பைகளைக் கவிழ்க்கிறோம். எலி இல்லை.
என் பையிலிருந்து சிந்திய எள்ளுரொட்டித் துணுக்கை
விரலால் ஒற்றி எடுத்து
அவளே வாயில் போட்டுக்கொள்கிறாள்.
ஒரு விதைகூட விருந்துக்கு வரக்கூடாது.

நான்கு மணி நேரம், மூன்று பேர்
என்கிறது அனுமதித் தாள்.
மூன்றாவது ஆள் அனார்கிரோஸ்
இறங்கவில்லை.
எப்போதும் இறங்குவதில்லையாம்.
இஞ்சினை அணைத்து
தொப்பியை முகத்தில் கவிழ்த்து
தூங்குகிறவன் மாதிரி படுத்துக்கொள்கிறான்.

தீவென்றால் பெரிதாக எண்ண வேண்டாம்.
எடுத்த பேச்சு முடிவதற்குள்
சுற்றி வந்துவிடலாம்,
பேச விட்டால்.
இங்கே கையசைவுதான்.
சுண்ணாம்புப் பாறை, முட்புதர்,
எழுத்து உதிர்ந்த அறிவிப்புப் பலகை,
இலையே இல்லாமல் வெறுந்தரையைப் பிளந்து
ஆள் உயரத்துக்கு வெள்ளையாய்ப் பூத்து நிற்கும்
நரிவெங்காயத் தண்டுகள்.

செப்டம்பர்.
வடக்கிலிருந்து சிறு பறவைகள்
கடல் தாண்டும் மாதம்.
அதற்கென்றே தாமதமாகக்
குஞ்சு பொரிக்கின்றன வல்லூறுகள்.
பதினான்காம் கூடு:
மூன்று குஞ்சுகள், வெண்பஞ்சு, கடுங்கோபம்.
பக்கத்துப் பொந்தில்
நாளைக்கென்று செருகி வைத்த கதிர்க்குருவி.
இறகு பிடுங்கியாகிவிட்டது.
காலில் மட்டும் ஒரு வளையம்.
எண்ணை முணுமுணுத்தேன், அவள் எழுதிக்கொண்டாள்.
குளிர்நாட்டு அலுவலகம் ஒன்றில்
யாரோ அதைத் திறந்து பார்ப்பார்கள்,
எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று
வியக்கவும் செய்வார்கள்.

மேட்டில், இடிந்த சுவருக்குப் பின்னால்
மழைநீர்த் தொட்டி.
அதன் விளிம்போரம்
கரிய உருண்டைகள், ஈரம் காயாதவை.
குனிந்து பார்த்தேன்.
நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.
அவள் கடலைப் பார்த்தாள்.

ஆறு வருடம் முன்பு
இங்கிருந்த ஆடுகளை வலைபோட்டுப் பிடித்தார்கள்.
அனார்கிரோஸின் ஆடுகள்.
ஏற்றியதும் அவன் படகில்தான்.
செடி தழைக்கட்டும் என்றார்கள்.
தழைத்துத்தான் இருக்கிறது,
அதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.
எண்பத்திரண்டு என்று ரசீதில் இருக்கிறது.
எண்பத்து மூன்று என்று
துறைமுகக் காப்பிக்கடைக்கே தெரியும்.

படிவத்தில் கடைசிக் கட்டம்: கால்நடை.
கலிரோயியின் பேனா அங்கே வந்து
கொஞ்சம் மை கசிந்து நின்றது.
பிறகு 'இல்லை' என்று எழுதினாள்,
ஆறாவது முறையாக,
அழகான கையெழுத்தில்.

துணையில்லாமல் ஓர் ஆடு
எத்தனை வருடம் இருக்கும்?
நான் கேட்கவில்லை.
அத்தனை சுத்தமாகத் தேய்த்த காலணியால்
தரையில் கிடந்ததைப்
புதருக்குள் தள்ளினேன்.
எங்கோ மணி ஒலித்தது.
வல்லூறாக இருக்கலாம் என்று
சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.
வல்லூறு அப்படிக் கத்தாது.

படகேறும்போது
காலணியைத் தேய்க்க யாரும் சொல்லவில்லை.
தொப்பியை எடுக்காமலே அனார்கிரோஸ் கேட்டான்:
"தொட்டியில் தண்ணீர் கிடக்கிறதா?"

கலிரோயி தன் மிதவைச் சட்டையின் முடிச்சோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு முழம்" என்றேன்.

"மழை வரைக்கும் தாங்கும்" என்று எழுந்து
கயிற்றை அவிழ்த்தான்.