இடர்ப் பதிவேட்டில் பதினெட்டாவது வரி

அங்கே மாலை ஆறு, இங்கே பதினொன்றரை.
மடிக்கணினியின் இடுக்கெல்லாம் சீமெந்துத் தூள்;
பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால்தான்
ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வரும்.

பேராசிரியர் கம்பளிச் சட்டையில்.
நான் மின்விசிறியை நுளம்புக்காக ஓடவிட்டிருக்கிறேன்.
உட்துறைமுக வீதியில் கடைசி லொறியும் போய்விட்டது.
மா ஆலையில் அவருக்கு இரவுமுறை;
கேற்றடியில் சாவியைக் கைமாற்றுவதுதான்
இந்த வருசம் எங்கள் இல்லறம்.

இன்றைய பாடம் மிதவை.
ஒரு வேலை எத்தனை நாள் பிந்தியும்
முழுவேலை பிந்தாமல் இருக்குமோ, அத்தனை நாள்.
டச்சுக்குடாவில் வலை இழுக்கிறவர்களைக் கேட்டிருந்தால்
கயிற்றோடு தூக்கிக் காட்டியிருப்பார்கள்.
கொப்பியின் ஓரத்தில் என் நாளைக் கோடுகளாய்க் கீறுகிறேன்:
ஐந்தேகாலுக்கு எழும்பல்,
ஆறரைக்குத் தளம், ஏழுக்கு ஆள்கணக்கு,
சல்லி வராததற்கு ஒரு சண்டை,
வந்த சல்லி தூசியென்று இன்னொன்று,
பிறகு சோறு, பிறகு இந்தத் திரை.
மிதவை: பூச்சியம்.
பவுணில் கட்டவேண்டிய தவணைக்கும் அதேதான்.

போன செவ்வாய்
நிலத்தட்டுக்குக் கொங்கிறீற் போட்டு
மட்டம் இழுத்து முடியப் பொழுதுபட்டது.
விடிய ஆறுக்கு ஹில்மியின் அழைப்பு:
"மிஸ், மான் நடந்திட்டு."

மூன்றாம் தூணிலிருந்து கடற்பக்க மூலைவரை
பத்தொன்பது குளம்படிகள்.
நடுவில் நின்று, திரும்பி,
மனம் மாறிய இடமும் தெரிந்தது.
கம்பி கட்டும் சுமணபால குந்தியிருந்து சிரித்தார்.
முதலாளியின் ஆள் படமெடுத்துவிட்டு
"இதுக்கு ஆர் பொறுப்பு?" என்றார்.
அருள்நேசன் சாந்தகப்பையோடு என்னைப் பார்த்தார்.
நான் குனிந்து ரேப் வைத்து அளந்தேன்.
பன்னிரண்டு மில்லிமீற்றர்.

அந்தக் கிழமை ஒப்படை: இடர்ப் பதிவேடு.
மழை, டொலர், டீசல், வேலைநிறுத்தம் என்று
பதினேழு வரிகள் எல்லாரையும் போல.
பதினெட்டாவது: மான்.
நிகழ்தகவு: அதிகம்.
தாக்கம்: பன்னிரண்டு மி.மீ.
தணிப்பு: வலைவேலி, ஒரு காவலாளி,
சீமெந்துப் பைக் கடதாசியை வெளியில் போடாமை.
பொறுப்பாளர் என்ற கட்டத்தில்
நெடுநேரம் சுட்டி துடித்தது.
வெறுமையாக விட்டேன்.

சிவப்பில் திரும்பி வந்தது:
"உருவகம் வேண்டாம். உண்மையான இடர்களை எழுதவும்."

படத்தை அனுப்பினேன்,
குளம்படிக்குப் பக்கத்தில் ரேப் விரித்த படம்.
மூன்று நாள் பதிலில்லை.
பிறகு அறுபத்துநான்கு என்று ஒரு புள்ளி,
அதன்கீழ் ஒற்றை வரி:
"குழிகளை எதனால் நிரப்பினீர்கள்?"
இரண்டு வருடக் கட்டணத்தில்
நான் வாங்கிய முதல் நல்ல கேள்வி.

இன்று மேல்தட்டு.
கலவை வண்டி சீனக்குடாவில் ரயர் போய்
நாலுக்கு வரவேண்டியது ஒன்பதுக்கு வந்தது.
வகுப்பைக் கைபேசியில் போட்டு
தலைக்கவசத்துக்குள் ஒரு காதில் செருகியிருக்கிறேன்.
வலைவேலிக்கு வெளியே இரண்டு நிற்கின்றன;
ஹில்மியின் ரோர்ச்சில் கண் மட்டும் பச்சையாய்.
எங்கிருந்தோ எடுத்த பைக் கடதாசியை
அவசரமில்லாமல் மெல்லுகின்றன.
மிதவை முழுக்க அவற்றிடம்தான் இருக்கிறது.

"டவனீலா, இருக்கிறீர்களா?"
தவநிலா, என்று திருத்த நேரமில்லை.
ஒலிவாங்கியைத் திறக்கிறேன்.
வைப்ரேற்றரின் உறுமல்
தோகா, நைரோபி, லீட்ஸ் எல்லாத் திரைகளிலும் பாய்கிறது.
ஆரோ காதைப் பொத்துகிறார்கள்.
பேராசிரியர் மட்டும் முன்னுக்குச் சாய்கிறார்.
"கொங்கிறீற்றா அது? எந்தத் தரம்?"

"முப்பது, சேர்," என்கிறேன்.
"இன்னும் பத்து நிமிசம் தாங்கோ.
மூலைக்கு ஆள் காணாது."