முன்பணம் திருப்பித் தரப்படாது

மார்ச்சில் பதிவு செய்தேன், ஜூலைக்கு.
நடுவில் வக்கீல்கள் வந்துவிட்டார்கள்.
வீவக வீட்டை எப்போது விற்பது,
மசேநிதிக்கு யார் எவ்வளவு திரும்பக் கட்டுவது,
எல்லாம் மின்னஞ்சலில் பேசி முடித்த பிறகு
வசுமதியிடமிருந்து ஒரு வரி:
அந்த இரண்டு இருக்கை என்ன ஆச்சு?

ஐந்நூறு வெள்ளி. திரும்ப வராது.
காசை வீணாக்கக் கூடாது என்பதில் மட்டும்
எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

தஞ்சோங் பகாரில் ஒரு கடைவீடு, இரண்டாம் மாடி.
பெயர்ப்பலகை கிடையாது, அழைப்புமணி மட்டும்.
சொட்டும் குடையை ஒரு பையன்
கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டான்.
ஒரே மரத்தில் அறுத்த நீள மேசை, எட்டு நாற்காலி.
சென்ட் பூசி வர வேண்டாமென்று முன்பே எழுதியிருந்தார்கள்.
அவள்மேல் வெறும் சோப்பு வாசனை.
பதினோரு வருடத்தில் இதை நான்
முகர்ந்த ஞாபகமே இல்லை.

அந்தப் பக்கம் யென் விலை பேசும் வங்கிக்காரர்கள் நால்வர்.
இந்தப் பக்கம் பிறந்தநாளுக்கு வந்த சீனத் தம்பதி.
"நீங்களும் கொண்டாட்டமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.
"ஆமாம், ஒரு மாதிரி" என்றாள் வசுமதி.

இசோபே குனிந்து வணங்கினார்.
கை சோற்றுக்குள் போனது, வந்தது,
பருக்கை ஒன்றுகூட மேசையில் விழவில்லை.
முதலில் கணவாய்.
மேலே மயிரிழைக் கீறல்கள், கீழே உடம்புச் சூட்டில் சோறு.
"மூன்று நொடிக்குள் சாப்பிடுங்கள். கையாலும் சாப்பிடலாம்."
இவ்வளவு வெள்ளி கொடுத்தா கையால் சாப்பிட வந்தோம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
என் நகைச்சுவை எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

வலக்கையால் எடுத்தாள், வீட்டில் எடுப்பதுபோல.
கையெழுத்து இடக்கை. கத்தி பிடிப்பது, சாவி திருகுவது இடக்கை.
சோறு மட்டும் வலக்கை.
தட்டுக்குப் போன இடக்கையை
அவள் அம்மா அகப்பைக் காம்பால் அடித்துத் திருத்திய கதை
எனக்குத் தெரியும்.
தெரியும், அதோடு சரி.

இசோபே ஒன்றும் கேட்கவில்லை.
தேநீர்க் கோப்பையைத் தேடி எந்தக் கை போனது என்று
ஒருமுறை பார்த்தார்.
அடுத்தது சூரை.
எனக்கு வைத்த துண்டு வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது.
அவளுக்கு வைத்தது இடப்பக்கம்.
இஞ்சியும் ஈரத்துணியும்
எப்போது இடம் மாறின, நான் பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள்.
மூன்று நொடிக்கு மேல், பத்து நொடிக்கு மேல்.
சோறு ஆறிப்போயிருக்கும்.
பிறகு இடக்கையை நீட்டினாள்
குளத்தில் ஆழம் பார்ப்பவள்போல.
ஒரு பருக்கை உதட்டோரம் ஒட்டியது.
யாரும் அடிக்க வரவில்லை.

அவள் எப்போதும் என் வலப்பக்கம்தான் உட்காருவாள்.
அன்றுதான் முதல்முறையாக
இரண்டு முழங்கைகள் மோதிக்கொண்டன.
சாரி என்றாள்.
சாரி என்றேன்.
எழுபத்தாறு பக்கக் கோப்பில்
எங்குமே இல்லாத சொல்.

விலாங்கு வந்தது. பெயர் மறந்துபோன ஒன்று வந்தது.
கடைசியில் கேக் மாதிரி ஒரு முட்டை.
எல்லாம் அவள் பக்கம் மட்டும் இடதாகச் சாய்ந்தே வந்தன.
நான் என்ன தின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மீதிப் பணம் ஆளுக்குப் பாதி.
படியிறங்கும்முன் இசோபேயிடம் கேட்டேன்:
"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"
"எதை?" என்றார்.

ஒரே நடைமேடை. இரு பக்கமும் ரயில்.
அவள் தங்கை வீட்டுக்கு, மேற்கே.
நான் பிடோக்குக்கு, வாங்க ஆள் பார்த்துப் போகும் வீட்டுக்கு.
அவளுடையது முதலில் வந்தது.
ஒரு கையில் குடை, மறுகையில் பயண அட்டை.
அசைக்கக் கை இல்லாமல்
தலையை லேசாகச் சாய்த்தாள்.