ஏழே முக்கால்

ஓவுலுவில், டிசம்பரில்,
காலை என்பது கடிகாரம் கிளப்பிவிடும் வதந்தி.

ஹில்லா இன்றிலிருந்து தனியாகப் பள்ளிக்கூடம் போகிறாள்.
ஏழு வயது. "எல்லாரும் போறாங்க" என்றாள்.
அதற்குமேல் வாதமில்லை.

கோட்டுப் பையில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டேன்
வெளிச்சம் பட்டால் மின்னும் முள்ளெலி வில்லையை.
சாவி கழுத்தில்.
"ரோட்டைக் கடக்கும்போது..."
"தெரியும்ப்பா."

கதவு சாத்தியதும்
பைஜாமாமேல் கறுப்புக் கோட்டு,
இரவு ஷிப்ட் முடிந்து தூங்கும் ரீக்காவின் பூட்ஸ்,
குதிகால் வெளியே.
குப்பைத்தொட்டி, பனிக்குவியல், தபால்பெட்டி,
எல்லாவற்றின் பின்னாலும் நான்.

முன்னே ஒரு முள்ளெலி மட்டும்
கார் வரும்போது பிறந்து
போனதும் அணைந்தது.
அணைந்திருக்கும் நொடிகளை எண்ணினேன்.

வெள்ளைக் கோடுகளருகே நின்றாள்.
இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள்,
மறுபடி இடம்.
நான் அவளை மட்டும் பார்த்தபடி இறங்கினேன்.
வேன் ஒன்று சறுக்கி நின்று ஹாரன் அடித்தது.

அவள் திரும்பவில்லை.

சாயங்காலம் மீன் சூப் குடிக்கையில்
எப்படி இருந்தது என்றேன். "ம்."

படுக்கப் போகுமுன் பார்த்தேன்:
ஆணியில் மாட்டிய என் கறுப்புக் கோட்டில்
ஒரு ஆந்தை வில்லை,
ஊக்கு கோணலாக.